கட்டை விரல் மறைத்த தலைப்பு

ரயில் எட்டாத, பஸ்ஸும் பாதி வழியில் திரும்பிவிடுகிற வடக்கத்தி மலை ஒன்றில் ரஞ்சிதம் சிஸ்டர் இருபத்தாறு வருடமாக ஊழியம் செய்துவந்தார். படித்தது நர்ஸ் படிப்பு. பார்த்ததோ பிரசவம் முதல் புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து வரை எல்லா வேலையும்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் அருமைநாயகம். சீடர் என்றதும் மீசை அரும்பாத பையன் என்று நினைத்துவிட வேண்டாம். வயது அறுபத்தொன்று. ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிஸ்டரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஆனால் ஊழியத்தில் யார் முதலில் வந்தார்களோ அவர்கள்தான் மூத்தவர்கள். அவர் இவரைச் ‘சிஸ்டர்’ என்பார். இவர் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

அவர் மனைவி எமிலி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகிர்தபுரம் சபையில் எழுந்து நின்று, “நான் மிஷனெரியாப் போறேன்” என்றார். சபை அழுதது. ரயிலடி வரைக்கும் கூட வந்து பாட்டுப் பாடி அனுப்பியது.

அதெல்லாம் பதினொரு மாதத்துக்கு முந்திய கதை.

மழை சற்று விட்டிருந்த ஒரு காலை. சிஸ்டர் மருந்து அறையில் மாத்திரைகளைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். மலையில் காகிதத்துக்குப் பஞ்சம். பழைய காலண்டர் தாளோ கல்யாணப் பத்திரிகையோ, எது அகப்பட்டாலும் நாலாகக் கிழித்து மடித்துவிடுவார்.

அருமைநாயகம் வந்து மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தார்.

“என்னது அண்ணாச்சி?”

“ராஜினாமா. ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணும்னு விதி இருக்கு. குடுத்துட்டேன்.”

சிஸ்டர் கையை நிறுத்தவில்லை. “உடம்புக்கு முடியலையா?”

“உடம்புக்கு என்ன, முட்டிதான் வலிக்கு. அது இல்ல சிஸ்டர்.” அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “எனக்கு விசுவாசம் இல்ல. ஊர்ல இருக்கும்போது இருக்குன்னு நினைச்சேன். இங்க வந்து பெட்டியைத் திறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. காலையில ஜெபம் பண்ண உக்காருதேன். சுவத்தோட பேசுத மாதிரி இருக்கு. இல்லாத சரக்க இருக்குன்னு சொல்லி ஊழியம் பண்ண என்னால ஆகாது.”

“சரி. மாசக் கடிதம் எழுதியாச்சா?”

சுகிர்தபுரம் சபைதான் அவரைத் தாங்குகிற சபை. மாதம் ஒரு கடிதம் அங்கே போக வேண்டும். எல்லா மிஷனெரிகளும் எழுதுகிற கடிதம்தான். அதற்கு இரண்டே தலைப்பு. ஒன்று, ஸ்தோத்திரக் குறிப்புகள்: நடந்த நன்மைகள். மற்றது, ஜெபக் குறிப்புகள்: இன்னும் நடக்க வேண்டியவை. ஞாயிறு ஆராதனையில் அதைக் குருவானவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். முதல் வகைக்குச் சபை “ஸ்தோத்திரம்!” என்று கூரை அதிரச் சொல்லும். இரண்டாம் வகைக்கு “கேட்டருளும் கர்த்தாவே” என்று தலையைக் குனிந்து சொல்லும்.

அருமைநாயகம் சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினார்.

முதல் தாளில் ‘ஸ்தோத்திரக் குறிப்புகள்’ என்ற தலைப்பு மட்டும் இருந்தது. கீழே வெறும் காகிதம்.

“காலியா இருக்கே அண்ணாச்சி?”

“வராத பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம் இல்ல சிஸ்டர்.”

இரண்டாம் தாளில் ‘ஜெபக் குறிப்புகள்.’ அதையும் பார்சல் பதிவேடு மாதிரிதான் எழுதியிருந்தார். அலங்காரம் கிடையாது.

ஓடையில் பாலம் இல்லை.
முட்டி வலி.
மொழி வரவில்லை. சிரிக்கிறார்கள்.
ஆராதனைக்கு இரண்டே பேர்.
எமிலி இல்லை.

சிஸ்டர் கடைசி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அப்படியே அனுப்புங்க.”

“ராஜினாமா?”

“அது இங்க கிடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்.”

போனுக்குச் சிக்னல் வேண்டுமானால் ஊருக்கு வெளியே உள்ள பாறைமேல் ஏற வேண்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார் அருமைநாயகம். தாள்களைப் பாறையில் விரித்துப் போட்டோ எடுத்தார். முதல் தாள் சரியாக வந்தது. இரண்டாம் தாளை எடுக்கும்போது காற்று வாங்கு வாங்கென்று வாங்கியது. இடது கையால் தாளின் மேல்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வந்ததால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு இறங்கினார்.

ஞாயிறு மதியம் கோயில்பிள்ளை தாவீதிடமிருந்து அழைப்பு வந்தது. சுகிர்தபுரத்து ஆலயத்தில் மணியடிப்பது, பாய் விரிப்பது, விளக்குப் போடுவது எல்லாம் இந்தத் தாவீதுதான்.

“அண்ணாச்சி! ஒரு மணி நேரமாக் கூப்பிடுதேன். கிடைக்கவே மாட்டேங்கு.”

“இப்பதான் பாறைக்கு வந்தேன். என்னடே?”

“என்னத்தச் சொல்ல அண்ணாச்சி! உங்க கடிதாசிய வாசிச்சு சபையே ஒரு ஆட்டம் ஆடிப்போச்சு. நம்ம புது ஐயரு வாசிச்சாரு.” எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். “‘நம்ம சகோதரருடைய ஸ்தோத்திரக் குறிப்புகள்’னு ஆரம்பிச்சாரு. ‘ஓடையில் பாலம் இல்லை’ன்னாரு. எல்லாரும் ஒரு நிமிசம் முழிச்சோம். அப்புறம் ஸ்தோத்திரம்னு சொன்னோம்.”

“என்னது?”

“‘முட்டி வலி’ன்னாரு. ஸ்தோத்திரம்! ‘மொழி வரவில்லை, சிரிக்கிறார்கள்’னாரு. ஸ்தோத்திரம்! ‘ஆராதனைக்கு இரண்டே பேர்’னதும் பின்னாடி வாலிபப் பயலுவ பெஞ்சுலயெல்லாம் ஏறி நின்னுட்டானுவ. ஐயரு சொல்லுதாரு, ‘நன்மைக்கு நன்றி சொல்ல எல்லாராலும் முடியும், முட்டி வலிக்கு நன்றி சொல்ல எத்தனை விசுவாசம் வேணும்’னு. பாதிப் பேரு அழுதுட்டாங்க. உங்க பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அக்கா உங்க முட்டி வலிக்காக ஒரு வாழைத்தார் கொண்டாந்து ஆல்டர்ல காணிக்கையாச் சாத்தியிருக்கு.”

“ஏய், அது ஜெபக் குறிப்புடே!”

“எங்க அண்ணாச்சி? ரெண்டாம் படத்துல தலைப்பே இல்லியே. மேல ஒரு கட்டை விரல்தான் இருந்துது.”

அருமைநாயகம் தன் இடது கட்டை விரலைப் பார்த்தார்.

“அஞ்சாவது?” என்றார்.

தாவீது குரலைத் தணித்துக்கொண்டான். “அதுக்கு வாயைத் திறந்தோம் அண்ணாச்சி. வரல. யாருக்கும் வரல. ஐயரும் நிறுத்திட்டாரு. சபை முழுக்க எந்திரிச்சு நின்னோம். எமிலி மதினி கோரஸ் டீச்சராச்சே எங்க எல்லாருக்கும்.”

அருமைநாயகம் பாறையிலிருந்து இறங்கிய வேகத்தில் முட்டி வலியே அவருக்கு மறந்துபோனது. சிஸ்டர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னார் அருமைநாயகம்.

சிஸ்டர் சுளகைக் கீழே வைத்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அப்படியும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

“சிரிக்காதீங்க சிஸ்டர்! என் முட்டி வலிக்கு எண்பது குடும்பம் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கு!”

“வாழைத்தாரு வேற.” சிஸ்டர் மறுபடியும் சிரித்தார்.

“எனக்கு வயிறு எரியுது. என் விசுவாசத்தைப் பாத்து அழுதாங்களாம். எந்த விசுவாசம்? அதுதான் இல்லைன்னு போன வியாழக்கிழம உங்ககிட்ட எழுதிக் குடுத்தேன். நாளைக்கே பாறைக்குப் போயி, எல்லாம் தப்பு, சொன்ன ஸ்தோத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கிடுங்கன்னு சொல்லப் போறேன்.”

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, உங்க ஆபீஸ்ல ஒரு சங்கதி கேக்கேன். பார்சலுக்கான சீட்டு வந்து சேந்துருச்சு. மூட்டை வரல. என்ன செய்வீங்க?”

“தேடுவோம்.”

“எங்க?”

“முதல்ல நம்ம கொட்டகை. அப்புறம் பிளாட்பாரம். அப்புறம் வண்டி நின்ன ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கேட்டு எழுதுவோம். எங்கயாவது இறக்கிப் போட்டிருப்பான்.”

“மூட்டையக் காணோம்னு சீட்டைக் கிழிச்சுப் போட்டதுண்டா?”

அருமைநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “முப்பத்துநாலு வருசத்துல ஒரு சீட்டுக் கிழிச்சதில்ல சிஸ்டர். சீட்டு வந்துருச்சுன்னா மூட்டை எங்கயோ இருக்குன்னு அர்த்தம்.”

சிஸ்டர் சுளகை எடுத்து மறுபடியும் புடைக்கத் தொடங்கினார்.

“ஸ்தோத்திரச் சீட்டு வந்து சேந்துருச்சு அண்ணாச்சி. நாலு உருப்படிக்கு. மூட்டையத் தேடுங்க.”

சொந்த வாயாலேயே மாட்டிக்கொண்டார் அருமைநாயகம். நேராகத் தன் அறைக்குப் போனார். திங்கட்கிழமை காலை காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு புறப்பட்டார். ஒன்றும் கிடைக்காது என்பதை நிரூபித்துக் காட்டத்தான் போனார்.

தினமும் காலை மேல்குடியிருப்புக்குப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. வழியில் ஓடை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். சோம்ரா என்ற நடுத்தர வயது ஆள் இக்கரையில் காத்திருந்து, போகவர அவர் கையைப் பிடித்துக் கடத்திவிடுவான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைகூடப் பேச மாட்டான்.

அன்றும் சோம்ரா கல்லில் உட்கார்ந்து காத்திருந்தான். பாதி ஓடையில் அருமைநாயகம் நின்றார். தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கேட்டார்.

“சோம்ரா, தினமும் எனக்காக ஏன் இந்தத் தண்ணியில இறங்குற?”

சோம்ரா அவரை விசித்திரமாகப் பார்த்தான்.

“உனக்காகவா? எனக்கு அந்தக் கரையில மாடு இருக்கு பாபா. தினமும் போகணும், வரணும். தனியா இறங்குனா தண்ணி என்னைத் தள்ளுது. போன வருசம் ரெண்டு தடவ உருட்டிருச்சு.”

“அப்ப?”

“நீ நல்ல கனம்.” சோம்ரா அவர் கையை இறுக்கிப் பிடித்தான். “உன்னைப் பிடிச்சுக்கிட்டா தள்ள மாட்டேங்குது.”

அருமைநாயகம் ஓடை நடுவில் அப்படியே நின்றார். பதினொரு மாதமாக ஒரு ஏழையின் தயவில் கரை சேருகிறோம் என்று கூசிக்கொண்டிருந்தவர் அவர். ஆள் எண்பத்தாறு கிலோ. டாக்டர்கள் குறை சொன்ன எடை, எமிலி தினமும் குறை சொன்ன எடை. அதை முதன்முதலாக ஒருவன் மெச்சிக்கொண்டான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பதைப் பார்த்துச் சோம்ராவும் சிரித்தான். இரண்டு பேரும் விழப் பார்த்தார்கள்.

அடுத்தது மலையேற்றம். நாலு வீடு தாண்டி மேலே போக வேண்டும். முட்டி வலியால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார். முதல் வீடு புத்னியுடையது. வழக்கம்போல உட்கார்ந்தார். பார்சல் ஆபீஸ் கண் அன்று தேடுகிற கண்ணாக இருந்ததால், தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று குனிந்து பார்த்தார்.

மரத்தில் செய்த உயரமான முக்காலி.

அந்த ஊரில் எல்லோரும் தரையில் குந்துவார்கள். மிஞ்சிப்போனால் நாலு விரல் உயரப் பலகை. புத்னி, அவள் புருஷன், மாமியார் எல்லோரும் குந்தித்தான் இருந்தார்கள். அருமைநாயகம் முக்காலியைச் சாண் போட்டு அளந்தார். இரண்டு சாண் நாலு விரல்.

எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் ஒரு முக்காலி. இரண்டு சாண் நாலு விரல். மூன்றாம் வீடு. அதே அளவு. நாலாம் வீட்டில் இரண்டு தடவை அளந்தார். அதேதான்.

திரும்பிப் புத்னி வீட்டுக்கே இறங்கி வந்தார்.

“புத்னி, இது ஏது?”

“எது?”

“இந்த முக்காலி. நாலு வீட்டுலயும் ஒரே அளவா இருக்கு. சிஸ்டர் செய்யச் சொன்னாங்களா?”

புத்னி வாயைப் பொத்திச் சிரித்தாள். “இலுப்பைப் பூ உதிர்ற நாள்ல நீ எங்க மரத்தடியில தூங்கிட்ட பாபா. வாயத் திறந்துக்கிட்டு. இவரு ஒரு கொடியப் பிடுங்கி உன் கால அளந்தாரு. முட்டிக்கு மேல நாலு விரல் கூட வச்சா எந்திரிக்க நோகாதுன்னு சொன்னாரு. முதல்ல எங்க வீட்டுக்குச் செஞ்சோம். அப்புறம் அந்தக் கொடி மேல் வீட்டுக்குப் போச்சு. அங்கருந்து அதுக்கு மேல.”

“இலுப்பைப் பூ காலத்துலயா? அஞ்சு மாசமா இதுலயா உக்காந்துக்கிட்டு இருக்கேன்?”

“நீ பாக்கவே இல்லியா?” புத்னிக்கு ஆச்சரியம். “நல்லா இல்லையோ, அதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறியோன்னு இவருக்கு வருத்தம்.”

அருமைநாயகம் முக்காலியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். புத்னியின் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். மொழி வரவில்லை. வந்த இரண்டு வார்த்தையும் முன்பின்னாக வந்தது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். கண்ணீர் பாட்டுக்கு வடிந்தது.

அன்று சாயங்காலம் சிஸ்டரிடம் வந்தார்.

“ரெண்டு மூட்டை அகப்பட்டுது” என்று இரண்டு கதையையும் சொன்னார். “அஞ்சு மாசமா வந்து இறங்கிக்கிட்டே இருந்திருக்கு சிஸ்டர். ஒரு கையெழுத்துப் போடாம வாங்கிப் போட்டிருக்கேன். ஆபீஸ்ல இப்படிச் செஞ்சா சஸ்பெண்டு.”

“மூணாவது? மொழி?”

“அதுக்கு ஒண்ணும் அகப்படல. இன்னைக்கும் சிரிக்கத்தான் செஞ்சாங்க.”

“நான் வந்த புதுசுல” என்றார் சிஸ்டர், “ரெண்டு வருசம் யாரும் சிரிக்கல. நான் வாறதப் பாத்தாலே கதவச் சாத்துவாங்க.”

அருமைநாயகம் காதிலிருந்த பென்சிலை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு. ஆராதனைக்கு வழக்கமான இரண்டு பேர்தான். காது அறவே கேட்காத மங்க்ரா, அவர் தங்கை சுக்ரி. மங்க்ரா பிரசங்கம் முழுவதும் சரி சரி என்று தலையாட்டுவார். அவ்வளவு நல்ல கேட்பவர் சுகிர்தபுரத்தில்கூடக் கிடையாது. ஜெபம் முடிந்ததும் சுக்ரி கூடையைத் திறந்தாள். ஒரு சட்டி கேழ்வரகுக் கூழ், மூங்கில் குருத்துக் கறி. மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாராவாரம் நடப்பதுதான்.

அருமைநாயகம் முதல் வாய் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

சுகிர்தபுரத்தில் வருடம் ஒரு தடவை அசனம் நடக்கும். ஆயிரம் பேர் பந்தி பந்தியாக உட்காருவார்கள். அருமைநாயகம் முப்பது வருடமாக அங்கே சோற்றுக் கூடை தூக்கியவர். கடைசிப் பந்திக்குப் பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். எமிலி போனபின் வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். உட்கார்ந்தால் எதிரே இருக்கிற நாற்காலி கண்ணில் படும்.

இங்கே நூறு பேர் வந்திருந்தால் அவர் மறுபடியும் கூடை தூக்கியிருப்பார். வந்தது இரண்டு பேர். அதனால் உட்கார்ந்திருக்கிறார்.

மங்க்ரா சட்டியில் இருந்த பெரிய குருத்தை அவர் பக்கம் தள்ளினார். அருமைநாயகம் அதைத் திருப்பித் தள்ளினார். மங்க்ரா மறுபடியும் தள்ளினார். சுக்ரி இரண்டு பேரையும் திட்டிவிட்டு அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இப்படியே மாதம் முடிய வந்தது. மழையும் நின்றது. அடுத்த கடிதம் எழுத வேண்டிய நாளில் அருமைநாயகம் மருந்து அறைக்கு வந்தார். சிஸ்டர் வழக்கம்போலப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்தோத்திரத் தாள் இரண்டு பக்கமும் நிறைந்து, ஓரத்திலும் எழுதியிருந்தது. ஜெபத் தாளில் ஒரே வரி. எமிலி இல்லை.

“நாலு மூட்டையும் வந்து சேந்துருச்சு சிஸ்டர். தேடப் போனதுல சீட்டு இல்லாத மூட்டையும் கிடந்துது, அதையும் எழுதிட்டேன். இந்த அஞ்சாவதுக்கும் தேடினேன். உண்மையாத்தான் தேடினேன். ஒண்ணும் இல்ல. இருக்குன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம்தான் வரும்.”

“அதுக்கு அங்கயும் யாரும் ஸ்தோத்திரம் சொல்லலியே அண்ணாச்சி. எந்திரிச்சுத்தானே நின்னாங்க.”

“ஆமா.”

“அப்ப அது நம்ம சீட்டுல இல்ல. ஜெபத் தாள்லயே இருக்கட்டும். நானும் அதுக்காகத்தான் தினமும் ஜெபம் பண்ணுதேன்.”

அருமைநாயகம் தலையாட்டினார். சிஸ்டர் இன்னொரு காகிதத்தில் மாத்திரைகளை எண்ணிப் போட்டார்.

“ஒண்ணு கேக்கணும். போன மாசம் அது என் விரல் செஞ்ச தப்புன்னு சபைக்கு எழுதணுமா? அன்னைக்கு என்கிட்ட விசுவாசம்னு ஒண்ணும் கிடையாதுன்னு?”

“எழுதுங்க. எழுதாட்டி உங்களுக்குச் சோறு இறங்காது.”

“எழுதிட்டேன். முதல் வரியே அதுதான்.”

“இப்ப?”

“இப்பவா?” அவர் யோசித்தார். “காலையில ஜெபம் பண்ண உக்காந்தா சுவரு சுவராத்தான் இருக்கு. ஆனா பேசுததுக்கு நிறைய இருக்கு. முக்காலியச் சொல்லுதேன், சோம்ராவச் சொல்லுதேன், நேரம் போறதே தெரியல. சோம்ரா காத்துக்கிட்டு இருப்பானேன்னு எந்திரிச்சு ஓட வேண்டியிருக்கு. அதுக்குப் பேரு விசுவாசமா என்னான்னு எனக்குத் தெரியல.”

“முட்டி?”

“வலிக்கு. அதுக்கென்ன, உக்காரத்தான் நாலு முக்காலி இருக்கே.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு எழுந்து, கொஞ்சம் கூச்சத்தோடு மேஜையைப் பார்த்தார். “சிஸ்டர், அந்த ராஜினாமாக் கடிதம். அதைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

“அதுவா? அது இல்லியே.”

அவர் முகம் மாறிவிட்டது. “ஆபீசுக்கு அனுப்பிட்டீங்களா?”

“புத்னி மாமியாருக்கு இருமல் மாத்திரை கேட்டு வந்தாங்க. காகிதம் இல்ல. அதைக் கிழிச்சுத்தான் மடிச்சுக் குடுத்தேன். நல்ல கெட்டித் தாளு.”

“எப்ப?”

“நீங்க வச்சிட்டுப் போனீங்கள்ல, அன்னைக்கேதான். நீங்க பாறையில ஏறிக்கிட்டு இருந்திருப்பீங்க.”

அருமைநாயகம் அவரையே பார்த்தார். “அன்னைக்கேவா? அப்ப தாவீது போன்கூட வரலியே சிஸ்டர். நான் மனசு மாறாம ஊருக்குப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

சிஸ்டர் கையிலிருந்த பொட்டலத்தை மடித்து ஓரத்தைச் செருகினார்.

“நீங்க இங்க இருக்கிறதுக்கு நான் அன்னைக்கே ஸ்தோத்திரம் சொல்லிட்டேன் அண்ணாச்சி.”